தரையிலிருந்து ஒரு சாண்

வீட்டை ஒழுங்குபடுத்துவது என்று முடிவானதும் பலர் நேராகக் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போய், பிளாஸ்டிக் கூடைகளும் மூடி போட்ட டப்பாக்களும் வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தச் செலவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தரையில் நேராக உட்கார்ந்திருக்கும் பொருள்கள் எவை, சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோ, ரேக், கட்டில் எவை என்று பார்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தரையில் ஒரு கோடு போடுங்கள். சுற்றி முடித்த பிறகு தரையில் தெரியும் கோடுகள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

வேறு ஊர்களுக்காக எழுதப்பட்ட வீட்டுக் குறிப்புகள் புதுச்சேரியில் பாதிதான் பலிக்கும். காரணம் கடல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், உப்பளம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சற்று உள்ளே தள்ளியிருக்கும் லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும்கூட உப்புக்காற்று வந்து சேர்கிறது. காற்றில் வரும் உப்பு எங்கே படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆணி துருப்பிடிக்கிறது, பீரோவின் அடித்தகடு பொரிந்து உதிர்கிறது, காகிதத்தில் குத்திய குண்டூசி கொஞ்ச காலத்திலேயே பழுப்புக் கறையாக மாறுகிறது. இதோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் முதலில் நனைபவை கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த பெட்டியும், அலமாரியின் கடைசித் தட்டில் அடுக்கிய பாடப்புத்தகங்களும், மூலையில் நிற்கும் அரிசி மூட்டையும்தான்.

ஆகவே இந்த ஊர் வீட்டுக்கு இரண்டு அளவுகள் போதும். தரையிலிருந்து ஒரு சாண். சுவரிலிருந்து நாலு விரல். ஒரு சாண் உயரம் பெரிய வெள்ளத்தைத் தடுத்துவிடாது, உண்மைதான். ஆனால் கசிவு, சாரல், வீடு கழுவும் தண்ணீர், நிரம்பி வழியும் தொட்டி என்று சாதாரண நாள்களில் வரும் ஈரத்திலிருந்து காப்பாற்றிவிடும். வெள்ளம் வரும் நாளில் பொருளை மேலே ஏற்றக் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். துடைப்பமும் மாப்பும் அடியில் புகுந்து வரும். கரப்பானுக்கு ஒளிய இடமிருக்காது. சுவரிலிருந்து விடும் நாலு விரல் இடைவெளி காற்றுக்கானது. பீரோவின் முதுகு சுவரை ஒட்டியிருந்தால், மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சும் ஈரமெல்லாம் அந்தத் தகட்டில்தான் இறங்கும்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. வைசியாள் வீதியில் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற அந்தத் தமிழ் வீடுகளின் வரிசையை ஒருமுறை நடந்து பாருங்கள். திண்ணை, தாழ்வாரம், உள்ளே முற்றம். அந்தக் காலத்து வீடுகளில் விளக்குக்கு மாடக்குழி, துணிக்குக் கொடி, தயிருக்கும் நெய்க்கும் உறி, வருஷத்துச் சாமானுக்குப் பரண். அன்றாடப் பொருள்களில் பெரும்பாலானவை தரையைத் தொடாமலே இருந்தன. எல்லாவற்றின் மேலும் காற்று போய்வந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியும் இதே பாடத்தைத்தான் வேறு பொருளில் சொல்கிறது. 1930-களின் பிற்பகுதியில் அந்தோனின் ரேமண்ட், ஜார்ஜ் நாகஷிமா ஆகியோர் எழுப்பத் தொடங்கிய அந்தக் கான்கிரீட் கட்டடத்தில், வெளிச்சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். அறைக் கதவுகள்கூடத் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கியவை. உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார், காற்று மட்டும் நுழையும். புதிதாக அலமாரிக் கதவு போட நினைப்பவர்கள் முழுப்பலகைக்குப் பதில் இப்படிச் சட்டம் வைத்த கதவைத் தச்சரிடம் கேளுங்கள். மரமும் குறையும், பூஞ்சையும் குறையும்.

பிளாக்கும் பலகையும்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வீடு கட்டுபவர்கள் வாங்கும் ஹாலோ பிளாக் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்டது. அதன்மேல் ஒரு அங்குலப் பலகையை வைத்தால் பலகையின் மேற்பரப்பு சரியாக ஒரு சாண் உயரத்தில் வந்து நிற்கும். ஆணி வேண்டாம், துளை வேண்டாம், தச்சர் கூலி வேண்டாம். வாடகை வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம்.

6 அடி நீளம், 9 அல்லது 10 அங்குல அகலமுள்ள இரண்டு பலகைகளை மரவாடியில் அறுத்து வாங்குங்கள். பேக்கிங் மரம் மலிவாகக் கிடைக்கும். வளைவும் வெடிப்பும் இல்லாததாகப் பார்த்து எடுக்கவேண்டும். ஒன்பது பிளாக்குகள். மூன்றைத் தரையில், பலகையின் இரு முனைக்கும் நடுவுக்குமாக வையுங்கள். அதன்மேல் முதல் பலகை. முதல் தட்டின் மேல் அதே மூன்று இடங்களில் இரண்டிரண்டு பிளாக்காக அடுக்கி இரண்டாம் பலகையை வைத்தால், இடையில் 16 அங்குல உயரம் கிடைக்கும். பள்ளிப் பை நிமிர்ந்து நிற்கும், குக்கரும் நிற்கும். நடுத்தாங்கலை விட்டுவிடாதீர்கள். புத்தகக் கனத்தில் 6 அடிப் பலகை நடுவில் தொய்ந்துவிடும்.

பிளாக் சிமெண்டுத் தூளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கை சிமெண்ட் பிரைமரோ வெள்ளையோ அடித்துக் காயவிட்டால் உதிர்வது நிற்கும். பலகையின் ஆறு பக்கத்துக்கும், குறிப்பாக அறுத்த இரு முனைகளுக்கும், வேப்பெண்ணெயோ வார்னிஷோ பூசவேண்டும். கரையான் பெரும்பாலும் அறுத்த முனையில்தான் ஏறுகிறது. பிளாக்குக்கும் பலகைக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு வைத்தால் வழுக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு தட்டுக்கு மேல் போகவேண்டாம். அவர்கள் ஏறத்தான் செய்வார்கள்.

ஏற்கெனவே ஆங்கிள் ரேக் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி. அதன் கால்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. எண்ட் கேப்பை நாலு காலுக்கும் மாட்டிவிட்டால் இரும்பு ஈரத்தரையைத் தொடாது. பீரோவுக்கு மட்டும் ஒரு சாண் உயரம் வேண்டாம். கனமான பொருளை அவ்வளவு தூக்கினால் கவிழும் அபாயம் உண்டு. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பேர் பிடித்து, 4 அங்குல சாலிட் பிளாக்கின்மேல் ஆடாமல் ஏற்றி வையுங்கள். அடித்தட்டில் பித்தளைச் சாமான், எவர்சில்வர் பாத்திரம் போன்ற கனத்தை வையுங்கள். காகிதமும் பட்டும் மேல்தட்டுக்குப் போகட்டும். நனைந்தாலும் கெடாதது கீழே, நனைந்தால் திரும்ப வராதது மேலே. எந்த அலமாரியை அடுக்கும்போதும் இதே கணக்குதான்.

சுண்ணாம்புச் சுவர்

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவரில் சிமெண்டுச் சுவரில் அடிப்பதுபோல் ஆணி அடிக்கக்கூடாது. பூச்சு தட்டுத்தட்டாகப் பெயரும். டிரில்லிங் மெஷின் போட்டாலும் துளை பொடிந்து பிளக் நிற்காது. அந்த வழியாக மழைநீர் உள்ளே போனால் சுவருக்கே கேடு. கவனிப்பில்லாத பழைய கட்டடத்தை ஈரம் என்ன செய்யும் என்பதை இந்த ஊர் 2014 நவம்பரில் பார்த்தது. கடற்கரைச் சாலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற, 'மேரி' என்ற நகரமன்றக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது.

அந்தச் சுவரில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள். மாடக்குழிகளில் அடைந்துகிடக்கும் பழைய காலண்டர்களை எடுத்துவிட்டால் சாவி, கண்ணாடி, சார்ஜர் வைக்க இடமாகிவிடும். உத்தரத்தில் ஊஞ்சலுக்காகப் போட்ட இரும்பு வளையம் பல வீடுகளில் சும்மாதான் தொங்குகிறது. மரம் உளுக்காமல் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இரண்டு வளையங்களில் நைலான் கயிறு கட்டி ஒரு மூங்கில் கழியைக் கிடையாகத் தொங்கவிட்டால் மழைக்காலத்துக் கொடி தயார். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்தான் இதற்குச் சரியான இடம். சாரல் படாது, காற்று வரும். கொக்கி அடித்தே ஆகவேண்டும் என்றால் மரக் கதவுநிலையில் ஸ்குரூ கொக்கி போடலாம், சுவரைத் தொடவேண்டாம். எந்தக் கொக்கியானாலும் எவர்சில்வரோ பித்தளையோ கேட்டு வாங்குங்கள். முலாம் பூசிய இரும்புக் கொக்கி இந்த ஊர்க் காற்றில் சீக்கிரமே பள்ளிச் சட்டையில் துருக்கறை வைத்துவிடும். சில ரூபாய் கூடப் போனாலும் மிச்சம் அதில்தான் இருக்கிறது.

காலை ஏழு மணி வாசல்

ஒரு குடும்பம் நாள் முழுவதும் சேர்த்துத் தேடுவதில் பாதியைக் காலையில் வாசலருகே நின்றுகொண்டுதான் தேடுகிறது. வண்டிச் சாவி, ஹெல்மெட், ஐ.டி. கார்டு, டிபன் பை, குழந்தையின் ஷூ. 2025 ஜனவரியில் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயத்தைப் போலீசார் கடுமையாக்கிய பிறகு, வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெல்மெட் என்று வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதற்கென்று ஓர் இடம் எந்த வீட்டிலும் கட்டப்படவில்லை. சோபாமேல், டிவி மேல், ஃபிரிட்ஜ் மேல் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைபவர் முதல் சில அடிகளுக்குள் கையிலிருப்பதை எங்கே போடுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த இடத்திலேயே கொக்கி மாட்டுங்கள். அவர் வேறு இடத்தில் போடவேண்டும் என்று சொல்லித் திருத்தப் பார்த்தால் அந்த ஏற்பாடு நிலைக்காது. கதவுநிலைக்கு அருகே ஒரு 3 அடிக் கட்டையில் ஆளுக்கொரு கொக்கி வீதம் போட்டுத் தொங்கவிடலாம். குழந்தைகளுக்கான கொக்கி அவர்கள் தோள் உயரத்தில் இருக்கவேண்டும். எட்டாத கொக்கியைக் கொடுத்துவிட்டு, பையைத் தரையில் போடாதே என்று சொல்வது நியாயமில்லை. ஹெல்மெட்டை நாடாவில் தொங்கவிட்டால் உள்பஞ்சு காயும். கவிழ்த்து வைத்தால் வியர்வையோடு பூஞ்சை பிடிக்கும். மழைக்கோட்டுக்குத் திண்ணைப் பக்கம், வெளியிலேயே தனிக் கொக்கி வேண்டும்.

அதே கட்டையின் ஓரத்தில் ஒரு துணிப்பையை மாட்டுங்கள். பாண்லே பால் கவர்களைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து அதில் போட்டுவந்தால், பழைய பேப்பர்காரர் வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிடலாம். அடுத்தது அயர்ன் மூட்டை. அழுக்குக் கூடையும் அயர்னுக்குப் போகும் கூடையும் ஒன்றாக இருப்பதால்தான் யூனிஃபார்ம் ஞாயிறு இரவில் காணாமல்போகிறது. பழைய வேட்டியில் இரண்டு பை தைத்து, ஒன்றின்மேல் வேறு நிற நூலால் ஒரு கோடு போட்டுவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும்.

அடுப்படி

1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படியை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். நம் ஊர் அடுக்குமாடி வீட்டு அடுப்படியும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். சமைப்பவர் எத்தனை எட்டு வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அவர் அதை அமைத்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், பிடித்து இழுத்து நேராகக் கொட்டிக்கொள்ளும்படி மூக்கு வைத்தவை. சுமார் 10,000 வீடுகளில் அந்த அடுப்படி பொருத்தப்பட்டது. சமைக்கும் பெண்ணின் உழைப்பு கணக்கில் எடுக்கப்படவேண்டியது என்ற அவருடைய எண்ணம் நம் வீடுகளுக்கு இன்றும் தேவை. காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வேலைக்கு ஓடுபவருக்கு, கடுகு டப்பாவுக்காக ஸ்டூல் ஏறவேண்டிய நிலை இருக்கக்கூடாது.

அடுப்புக்கு முன்னால் நின்று, நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டிப் பாருங்கள். கை எட்டும் தூரத்தில் தினமும் தொடுவது மட்டும் இருக்கட்டும்: அஞ்சறைப்பெட்டி, எண்ணெய், உப்பு, கரண்டி, டீத்தூள். வாரம் ஒருமுறை எடுப்பது ஓர் எட்டு தள்ளி. வருஷத்துக்குச் சேர்த்துவைப்பது மேலே. இந்த ஊரில் வருஷச் சாமான் என்றால் சும்மாவா? சித்திரை வெயிலில் வெங்காயமும் பூண்டும் சேர்த்து உருட்டிக் காயவைத்த வடகம், புளி, வற்றல், ஊறுகாய், கருவாடு. வடகத்துக்கும் புளிக்கும் பீங்கான் ஜாடி நல்லது. வில்லியனூர் மண் ஜாடி கிடைத்தால் உள்ளே மெழுகோ மெருகோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உப்பையும் புளியையும் இரும்பு மூடி போட்ட பாட்டிலில் போடக்கூடாது, மூடி அரித்துவிடும். கருவாட்டுக்குத் தனித்தட்டு, அதுவும் காற்றோட்டமுள்ள பக்கம், துணியால் வாய் கட்டிய பாத்திரத்தில். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலையும் சில மிளகாய் வற்றலும் போட்டுவைப்பது இன்னும் பலன் தரும் வழக்கம்தான்; ஆனால் அரிசி அண்டா பிளாக்கின்மேல் ஏறியிருக்கவேண்டும்.

டப்பா வாங்கும் நேரம் இப்போதுதான் வருகிறது. எத்தனை பொருள், எவ்வளவு அளவு என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களும் பெட் ஜார்களும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். ஒரே அளவாக இல்லாவிட்டால் என்ன, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் போதும். மாஸ்கிங் டேப்பில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் சிக்கனமும் வசதியும் பார்க்கக்கூடாது. ஒன்று, சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டரை மறைக்கவேண்டும் என்று மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்று போகத் திறப்பு இருக்கவேண்டும். சாக்கு, பேப்பர், பிளாஸ்டிக் பை எதையும் அதற்குள் திணிக்கக்கூடாது. மற்றொன்று, பினாயிலும் ஆசிட்டும். மிச்சத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தாகத்தில் வரும் குழந்தைக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது. வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டக்கூடிய உயரத் தட்டில், சாப்பாட்டுப் பொருளுக்குத் தொலைவில்.

காகிதங்கள்

எந்த வீட்டிலும் காகிதம் முக்கியம். இந்த ஊரில் அதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் ஊரை ஒப்படைக்கும் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் தந்தது. அன்று கையெழுத்துப் போட்ட தாத்தாவின் காகிதம் இன்று பேரனின் பாஸ்போர்ட்டுக்கு ஆதாரம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களில் ஓய்வூதியக் கடிதங்கள், ஜூலை 14 அணிவகுப்புக்கு அணிந்துபோகும் பதக்கங்கள், லிவ்ரே த ஃபமி என்ற குடும்பப் பதிவுப் புத்தகம். மற்ற வீடுகளிலும் நொத்தேர் எனப்படும் பத்திர அலுவலர் பிரெஞ்சில் எழுதிய பழைய பத்திரங்கள் இருக்கக்கூடும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாமல்போனால், எது முக்கியம் என்று தெரியாமலே பழைய பேப்பரோடு போய்விடும் ஆபத்து உண்டு. தெரியாத மொழியில் உள்ள எந்தக் காகிதத்தையும், தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கழிக்காதீர்கள். அவர் சொன்னதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

வேலை முறை இது. வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்புங்கள். நேர்வெயில் படாமல், நிழலில். முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றுங்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். சேர்த்துவைக்கவேண்டியதைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். ரப்பர் பேண்டு வேண்டாம், அது உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது; உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறாது.

பிறகு மூன்று கட்டு. அன்றாடம் கேட்கப்படுபவை: ஆதார், சிவப்போ மஞ்சளோ உங்கள் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ்களின் நகல். அபூர்வமாகக் கேட்கப்படும் மூலங்கள்: வீட்டுப் பத்திரம், பிறப்பு, திருமணப் பதிவுகள், குடியுரிமைக் காகிதங்கள். மூன்றாவது, கடிதங்களும் புகைப்படங்களும். இரண்டாம், மூன்றாம் கட்டுகளுக்கு நல்ல உறை வேண்டும். எஸ்.வி. படேல் சாலையில் உள்ள ஆசிரமக் கையால் செய்த காகித ஆலை 1959-இல் தொடங்கப்பட்டது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறார்கள். மரக்கூழ்க் காகிதத்தைப் பழுப்பாக்கும் பொருள் பருத்தியில் கிடையாது என்பதால் பழைய ஆவணத்தை மடித்து வைக்க அது ஏற்றது. சாயமில்லாத வெள்ளைத்தாளை வாங்குங்கள். ஒரு பெரிய தாளை நாலாக வெட்டினால் நாலு உறை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பக்கத்தில் நல்ல தடிமனான ஜிப் கவர் ஒன்று காலியாக இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்று துணிப்பையை அப்படியே கவருக்குள் போட்டுத் தூக்கிக்கொள்ளலாம். மற்ற நாள்களில் கவரில் அடைத்து வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தாளையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அனுப்பிவைப்பதும் இதே நாளில் முடியும்.

ஆயாவின் டிரங்குப் பெட்டி

வேகமாக வேலை செய்துவரும்போது ஒரு டிரங்குப் பெட்டி குறுக்கே வரும். அது ஆயாவுடையது. பூட்டு துருப்பிடித்திருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இடத்தை அடைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அவர் அனுமதி இல்லாமல் அதைத் திறக்கவோ குறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு பொருள் மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் கழிக்கச் சொல்லும் ஜப்பானிய முறை உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. தனியாக வாழ்பவருக்கு அது உதவும். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் யாருடைய மகிழ்ச்சி என்ற கேள்வி முதலில் வருகிறது. மருமகளுக்கு அடைசலாகத் தெரியும் பித்தளைத் தூக்கு, மாமியாருக்கு அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்தது.

"ஆயா, பெட்டிக்கு அடியில துரு ஏறுது. மழைக்கு முன்னாடி தூக்கி வெச்சிடலாமா? நீங்களே எடுத்துக் குடுங்க, நான் துடைச்சுத் தரேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். பெட்டியைக் கடப்பாக்கல் துண்டின்மேல் ஏற்றி, உள்ளே பழைய வெள்ளை வேட்டியை விரித்து, பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றி அடுக்கி, துணிப்பையில் கட்டிய அடுப்புக்கரியை ஒரு மூலையில் வைத்துக் கொடுங்கள். பூச்சிக்கு வசம்போ காய்ந்த வேப்பிலையோ போதும். கைக்குழந்தையின் துணி இருக்கும் இடத்தில் நாஃப்தலின் உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளின் ரத்தத்துக்கு அது கேடு செய்யும். எதையாவது கொடுத்துவிடலாம் என்று அவரே சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைச் சாமானும் இப்படித்தான். வருஷத்தில் சில நாள் வெளியே வந்து, மற்ற நாள் முழுக்க இடத்தை அடைக்கும். காகிதக்கூழ் கொலு பொம்மைக்கு ஈரம்தான் எமன். பழைய பருத்தித் துணியில் சுற்றி, பரணில், வெளிச்சுவரைத் தொடாத பக்கம் வைக்கவேண்டும். கிறிஸ்துமஸ் குடில் உருவங்களுக்கும் நட்சத்திரத்துக்கும் அதே விதி. மின்விளக்குச் சரத்தை ஓர் அட்டையில் சுற்றிவைத்தால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்கவேண்டாம். கழற்றி மாட்டும் கொலுப்படி உள்ள வீடுகளில், மற்ற மாதங்களில் அதன் மூன்று படிகளைப் புத்தக ரேக்காக நிறுத்தலாம்.

எப்போது செய்வது

வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு வாராவாரம் வீட்டை ஒதுக்க நேரம் கிடையாது. நம் நாள்காட்டியிலேயே இரண்டு நாள்கள் இதற்காகக் காத்திருக்கின்றன. ஆயுத பூஜை மழைக்குச் சற்று முன்னால் வருகிறது. எப்படியும் வீடு கழுவுகிறோம். அன்று எல்லாவற்றையும் உயர்த்துங்கள். பிளாக் அடுக்கு ஆடுகிறதா, எண்ட் கேப் விரிந்திருக்கிறதா, காகிதப் பை மேல்தட்டில் இருக்கிறதா, ஜிப் கவர் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போகி மழை முடிந்த பிறகு வருகிறது. அது காயவைப்பதற்கும் கழிப்பதற்குமான நாள். மெத்தை, புத்தகம், டிரங்குப் பெட்டி எல்லாம் மொட்டைமாடிக்குப் போகட்டும். கழிப்பதைக் கொளுத்தவேண்டாம், இரும்பு, பிளாஸ்டிக், காகிதம் மூன்றையும் தனித்தனியாகக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்கும், போடக்கூடிய துணியைக் கேட்பவர்களுக்கும் கொடுங்கள்.

மற்ற நாள்களுக்கு ஒரே ஒரு கூடை. இரவு சாப்பாட்டுக்கு முன், வீட்டில் இடம் மாறிக் கிடப்பதையெல்லாம் அதில் போட்டு, அவரவர் பொருளை அவரவரே எடுத்துப்போகச் சொல்லுங்கள். அப்பாவும் இதில் சேர்த்திதான். ஒரே பொருள் திரும்பத் திரும்பக் கூடைக்கு வருகிறதென்றால் அதற்குக் கொடுத்த இடம் தவறு என்று கொள்ளுங்கள். அந்தக் கொக்கியைக் கழற்றி, பொருள் கிடந்த இடத்துக்கு அருகில் மாட்டுங்கள்.